முப்பது நாளுக்கு நான் போட்ட பூட்டு

கோப்பாயில் நான் வேலை செய்யும் அலுவலகத்துக்குப் பெயர்ப்பலகை கிடையாது. வீட்டில் அடியும் மிரட்டலும் வாங்கும் பெண்கள் உதவி தேடி வரும் இடம் அது. பலகை தொங்கினால், படலையைத் திறக்கிற ஒவ்வொருத்தியையும் ஊர் எண்ணத் தொடங்கிவிடும். முன்னறையில் இரண்டு தையல் மெஷின்கள் இருக்கின்றன. அயலவர்களுக்கு நாங்கள் தையல் வகுப்புக்காரர். அந்த மெஷின்களில் இதுவரை ஒரு தலையணை உறைகூடத் தைக்கப்பட்டதில்லை.

நாங்கள் நான்கு பேர். மூன்று பேர் வருகிற பெண்களோடு இருந்து கதைப்பவர்கள். பொலிசுக்கும் ஆஸ்பத்திரிக்கும் நீதிமன்றத்துக்கும் கூடவே போகிறவர்கள். நான்காவது ஆளான எனக்குக் கடிதம், மின்சார பில், பிரிண்டர், வைஃபை. கொம்பியூட்டரில் நான் கெட்டிக்காரி என்று எவரும் சொன்னதில்லை. மற்ற மூவருக்கும் அதில் என்னைவிடப் பயம் அதிகம், அவ்வளவுதான். அப்படித்தான் எங்கள் கோப்புகள் இருக்கும் கிளவுட் பெட்டகத்துக்கு நான் நிர்வாகியானேன்.

முன்பெல்லாம் கோப்புகள் இரும்பு அலுமாரியில் இருந்தன. ஒருமுறை தற்காலிகமாக வேலைக்கு வந்த பெண் ஒருத்தி அதைத் திறந்து பார்த்தாள். அவளுடைய பெரியம்மா, எங்களிடம் வந்துபோன ஒரு பெண்ணின் கணவனுக்குச் சித்தி முறை. யாழ்ப்பாணத்தில் சொந்தம் விசாரிக்கத் தொடங்கினால் நாலாவது கேள்விக்குள் எல்லோரும் உறவாகிவிடுவோம். அந்தப் பெண் எங்கே ஒளிந்திருக்கிறாள் என்பது அன்று பின்னேரமே கணவனுக்குத் தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் இந்தப் பெட்டகத்துக்கு மாறினோம். கோப்பு எங்கள் கணினியிலேயே பூட்டப்பட்டு, பிறகுதான் மேலே போகும். பெட்டகத்தை நடத்தும் கம்பெனிக்காரனாலும் அதைத் திறக்க முடியாது. ஒரு பெண்ணின் கோப்பை அவளைப் பொறுப்பெடுத்தவர் மட்டுமே திறக்கலாம். நிர்வாகியான எனக்குத் தெரிவது கோப்பின் திகதியும் அளவும்தான். இந்த ஏற்பாட்டை வற்புறுத்தியதும் நான்தான். அதைப் பற்றி எனக்கு நிறையப் பெருமை இருந்தது.

அந்தப் பெட்டகத்தில் நீர்வேலிப் பெண் ஒருத்தியின் பதினொரு குரல் பதிவுகள் இருந்தன. ஆறு வயது மகளோடு தாய் வீட்டுக்குத் திரும்பி வந்தவள். மனைவிக்கு மனநிலை சரியில்லை, பிள்ளையைத் தன்னிடம் தர வேண்டும் என்று கணவன் வழக்குப் போட்டிருந்தான். அவனோடு இருந்த காலத்தில், அவன் என்னென்ன சொல்லி மிரட்டினான் என்பதை அவள் போனில் பதினொரு தடவை பதிவு செய்திருக்கிறாள். அவன் ஒவ்வொரு நாளும் அவளுடைய போனை வாங்கித் துருவிப் பார்ப்பவன். அதனால் ஒவ்வொரு பதிவையும் உடனே நேராக எங்கள் பெட்டகத்துக்கு அனுப்பிவிட்டு அழித்துவிடுவாள். வேறு பிரதி எங்கும் இல்லை. பிள்ளை யாரோடு இருப்பது என்பது அந்தப் பதினொன்றையும் நம்பித்தான் இருக்கிறது என்று எங்களுடைய சட்டத்தரணி சொல்லியிருந்தா.

அவளைப் பொறுப்பெடுத்திருந்தது நெல்லியடியிலிருந்து வரும் என் சக ஊழியை. என்னைவிடப் பத்து வயது இளையவள், என்னை அக்கா என்பாள். ஒருநாள் காலை அலுவலகத்தில் அந்தக் கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தபோது, தகப்பனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள் என்று போன் வந்தது. லப்டொப்பை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டு ஓடினாள். அன்று மத்தியானமே மனிசன் போய்விட்டார்.

செத்தவீட்டுக்கு எல்லோரும் போனோம். எட்டாம் நாள் செலவுச் சடங்குக்கும் போனோம். அவள் முப்பத்தோராம் நாள் கிரியையான அந்தியேட்டி முடியும்வரை வேலைக்கு வரமாட்டாள் என்பது சொல்லாமலே எல்லோருக்கும் தெரியும். தகப்பனின் நினைவாக அன்று கொடுக்கும் கல்வெட்டுப் புத்தகத்தை அச்சடிக்கும் வேலையில் எனக்கும் ஒரு பங்கு வந்தது. அவருடைய வாழ்க்கை வரலாறு, பேரப்பிள்ளைகளின் புலம்பல், முன் அட்டையில் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டித் திகதி, எல்லாவற்றையும் நானே தட்டச்சு செய்து கொடுத்தேன்.

அதே கிழமைதான் பெட்டகக் கம்பெனியிடமிருந்து கடிதம் வந்தது. புதிய பாதுகாப்பு வசதிகள், புதிய நிர்வாக வசதிகள் என்று ஒரு நீண்ட அறிவிப்பு. புதுச்சட்டை கண்ட பிள்ளை போல ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தேன். எந்தெந்தக் கருவியிலிருந்து யார் எப்போது நுழைந்தார்கள் என்று இப்போது எனக்குத் தெரியும். ஒருவர் கடவுச்சொல்லை மறந்தால் நிர்வாகி மீட்டுக் கொடுக்கலாம். ஆனால் அவர் தன் கணினியில் நுழைந்து அதற்கு முன்கூட்டியே சம்மதம் தந்திருக்க வேண்டும். மூன்று பேருக்கும் சம்மதக் கோரிக்கை அனுப்பினேன். இரண்டு பேர் அன்றே சம்மதித்தார்கள். மற்றவளின் லப்டொப் செத்தவீட்டில் மூடிக் கிடந்தது. அவள் வந்து பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

எனக்கு மிகவும் பிடித்த வசதி இன்னொன்று. ஒரு கருவி குறிப்பிட்ட நாட்களுக்குப் பாவிக்கப்படாமல் கிடந்தால், பெட்டகம் அதைத் தானாகவே நீக்கி, அதிலிருக்கும் திறப்புகளை, கோப்பைத் திறக்கும் சாவிகளை, அழித்துவிடும். தொலைந்த லப்டொப், களவுபோன லப்டொப் என்ற கவலை இல்லை. எத்தனை நாள் என்று பெட்டகம் கேட்டது. எங்கள் அலுவலகத்தில் எவரும் இரண்டு கிழமைக்கு மேல் லீவு எடுத்ததில்லை. முப்பது என்று போட்டேன். மேசையின் மறுபக்கத்தில் கல்வெட்டின் அச்சுப்பிரதி கிடந்தது. முப்பத்தோராம் நாள் என்று அதில் பெரிய எழுத்தில் இருந்தது, அதை அடித்ததே நான். இன்றைக்கும் அதை நினைத்தால் என் தலையில் நானே குட்டிக்கொள்ள வேண்டும் போலிருக்கும்.

அதோடு விட்டேனா? பாதுகாப்பை இறுக்கும் மாற்றங்கள் உடனே அமுலாகும், தளர்த்தும் மாற்றங்கள் ஏழு நாள் கழித்துத்தான் அமுலாகும் என்று ஒரு பொத்தான் இருந்தது. யாராவது என் கணக்குக்குள் புகுந்து பூட்டுகளைத் தளர்த்தினால் எனக்குத் தடுக்க அவகாசம் கிடைக்குமாம். நல்லதுதானே என்று அதையும் அழுத்தினேன்.

இருபத்தொன்பதாம் நாள் காலை தேநீரோடு வந்து நிர்வாகப் பக்கத்தைத் திறந்தேன். அவளுடைய லப்டொப்புக்குப் பக்கத்தில் ஒரு மஞ்சள் குறி. விரைவில் நீக்கப்படும் என்று எழுதியிருந்தது. தேநீர் ஆறிப் போகுமட்டும் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அவசர அவசரமாக முப்பதைத் தொண்ணூறாக மாற்றினேன். மாற்றம் ஏற்கப்பட்டது, ஏழு நாட்களில் அமுலாகும் என்றது பெட்டகம். நான் கட்டிய மதிலில் நானே முட்டிக்கொண்டு நின்றேன்.

அவளுடைய போனுக்கு அடித்தேன், நிறுத்தி வைத்திருந்தாள். அதில் பிழை சொல்ல ஏலாது. வேறு யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால், ஏன் முப்பது போட்டாய் என்று கேட்பார்கள். அடுத்த நாள் காலை நெல்லியடிக்குப் போகப் பருத்தித்துறை பஸ்ஸில் ஏறினேன்.

நீர்வேலி வாழைத் தோட்டங்களைக் கடக்கும்போது முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டேன். அந்தப் பெண்ணின் தாய் வீடு அந்த வழியில்தான். வல்லை வெளிக் காற்றில் என் சேலைத் தலைப்பு பக்கத்து மனிசியின் முகத்தில் அடித்துக்கொண்டேயிருக்க, அவ திட்டத் திட்ட நான் மனதுக்குள் ஒத்திகை பார்த்தேன். தங்கச்சி, ஐந்து நிமிசம், லப்டொப்பை ஒருக்கால் திறந்து விரலை வை, காணும். அவ்வளவுதான் சொல்ல வேண்டியது.

வீட்டு முற்றத்தில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். பின்பக்கம் பெண்கள் அடுத்த நாள் சமையலுக்கு மரக்கறி குவித்து வைத்திருந்தார்கள். அவள் தாய்க்குப் பக்கத்தில் பாயில் இருந்தாள். ஆள் பாதியாகிப் போயிருந்தாள். என்னைக் கண்டதும் தாய் என் கையைப் பிடித்துக்கொண்டு அழத் தொடங்கினா. நானும் அழுதேன். அந்த அழுகையில் எவ்வளவு செத்தவருக்காக, எவ்வளவு எனக்காக என்று தெரியாது.

சுவிஸிலிருந்து வந்திருந்த தமையன் கல்வெட்டு ஒன்றைக் கொண்டுவந்து என் கையில் தந்தார்.

"நல்ல வடிவா அடிச்சுத் தந்திருக்கிறியள் அக்கா. ஒரு பிழை இல்லை."

நான் தலையை ஆட்டினேன்.

"என்ன, ஒபிஸிலை தங்கச்சி இல்லாமல் கஷ்டமோ? நாளையோடை எல்லாம் முடியுது. பிறகு கூட்டிக்கொண்டு போங்கோவன்."

பகிடியாகத்தான் சொன்னார். ஆனால் பாயில் இருந்த பெண்கள் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். செத்தவீட்டிலும் வேலை வாங்க வந்தவள் என்று அந்த முகங்களில் எழுதியிருந்ததாக எனக்குத் தோன்றியது.

"சீச்சீ, சும்மா பாத்திட்டுப் போக வந்தனான்" என்றேன்.

லப்டொப் எங்கே இருந்தது என்பதுகூடத் தெரிந்தது. தகப்பனின் படத்துக்கு முன்னால் விளக்கு எரிந்துகொண்டிருந்த அறையில், அலுமாரிக்கு மேலே, அலுவலகப் பையோடு. நான் இருந்த இடத்திலிருந்து பத்து அடி இருக்காது. அரை மணித்தியாலம் அதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு எழும்பினேன். செத்தவீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லிக்கொள்ளும் வழக்கம் இல்லை. அன்றைக்கு அது எனக்கு வசதியாகப் போய்விட்டது.

திரும்பி வரும் பஸ்ஸில் விரல் விட்டு எண்ணி என்னை நானே தேற்றிக்கொண்டேன். அவள் கடைசியாக லப்டொப்பைத் திறந்தது தகப்பன் இறந்த நாளில். அந்த நாளை விட்டுவிட்டு எண்ணினால் முப்பதாவது நாள் நாளைக்குத்தான். நாளைக்கு அந்தியேட்டிச் சாப்பாட்டுக்கு எப்படியும் வருவேன். கிரியை முடிந்து சாவுத் துடக்கும் கழிந்திருக்கும். அப்போது கேட்டால் எவரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். நாள் முடிய இரவாகும் அல்லவா? நாங்கள் நாளை அப்படித்தான் எண்ணுவோம். முப்பத்தோராம் நாள் என்றால் அன்று முழுதும் முப்பத்தோராம் நாள்தான்.

அடுத்த நாள் ஆண்கள் கீரிமலைத் தீர்த்தத்துக்குப் போய்க் கிரியை முடித்துக்கொண்டு வந்தார்கள். வீட்டிலும் ஐயர் செய்ய வேண்டியதைச் செய்து முடித்தார். பந்தி போட்டார்கள். கத்தரிக்காய்க் குழம்பு, பருப்பு, வடை, பாயசம். நன்றாகவே சாப்பிட்டேன். இரண்டாம் முறை பாயசமும் வாங்கிக் குடித்தேன். அதை ஒளிக்க விரும்பவில்லை.

கை கழுவிய பிறகு அவளை ஒருபுறம் கூப்பிட்டுச் சொன்னேன். அவள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"உதுக்கே அக்கா இவ்வளவு தயக்கம்? ஏன் நேற்றே சொல்லேல்லை? ஐஞ்சு நிமிச வேலை."

அலுமாரிக்கு மேலிருந்து பையை இறக்கி, சார்ஜரைக் குத்தி, லப்டொப்பைத் திறந்து விரலை வைத்தாள். இந்தக் கருவி நீக்கப்பட்டுள்ளது, கடவுச்சொல்லை உள்ளிடவும் என்று வந்தது. கீழே சிறிய எழுத்தில் நேரம் இருந்தது. காலை பத்து மணி பதினெட்டு நிமிடம்.

முப்பது நாள் முன்னால், தகப்பனைப் பற்றிப் போன் வந்து அவள் லப்டொப்பை மூடிய நேரம் அது. பெட்டகம் நாளை எண்ணவில்லை, மணித்தியாலத்தை எண்ணியிருக்கிறது. அந்த நேரத்தில் அவள் அதே அறைக்கு வெளியே வாழையிலை துடைத்துக்கொண்டிருந்திருப்பாள். நான் வீட்டில் சேலைக்கு மடிப்புப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"பாஸ்வேட் தெரியும்தானே?" என்றேன்.

"அண்டைக்கு நீங்கள் நீளமாப் போடச் சொன்னனீங்கள். எழுதி வைக்க வேண்டாம் எண்டும் சொன்னனீங்கள். அதுக்குப் பிறகு விரல்தானே அக்கா."

முதலில் ஒன்றை அடித்தாள், இல்லை. இன்னொன்று, அதுவும் இல்லை.

"அப்பாடை சைக்கிள் நம்பர் அதிலை இருக்கு. அதுக்கு முன்னாலை என்னவோ போட்டனான். என்ன போட்டனான்?"

பிழையாக அடிக்க அடிக்க, அடுத்த முறைக்குக் காத்திருக்க வேண்டிய நேரம் கூடிக்கொண்டே போனது. மீட்புச் சொற்களை அச்சடித்து வைக்கச் சொல்லியிருந்தேனே என்று கேட்டேன். அடிக்கவில்லை, பிறகு என்று அழுத்திவிட்டேன் என்றாள். நான் அனுப்பிய சம்மதக் கோரிக்கை பதிலில்லாமல் அப்படியே கிடந்தது. அவள் தகப்பனின் படத்துக்கு முன்னால் நிலத்தில் இருந்து, சைக்கிள் நம்பரைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு அழுதாள். அன்றுதான் அழுகையை முடித்து வைக்கச் சடங்கு செய்திருந்தார்கள்.

அடுத்த சில நாட்களுக்கு அவள் தனக்குத் தோன்றிய எல்லாவற்றையும் அடித்துப் பார்த்தாள். நான் கம்பெனிக்கு எழுதினேன், கெஞ்சி எழுதினேன், ஒரு தாயின் வழக்கு என்று எழுதினேன். மரியாதையான பதில் வந்தது. உங்கள் திறப்பு எங்களிடம் இல்லை, எங்களிடம் இருக்கக் கூடாது என்பதற்காகவே இப்படி அமைத்திருக்கிறோம் என்றார்கள். இதே வசனத்தை வைத்துத்தான் மற்ற மூன்று பேரையும் இந்தப் பெட்டகத்துக்குச் சம்மதிக்க வைத்திருந்தேன். அந்த நாட்களில் எனக்குச் சோறு இறங்கவில்லை. வீட்டில் காரணம் கேட்டார்கள், வயிற்றுக்குள் சரியில்லை என்றேன்.

சட்டத்தரணியிடம் சொன்னோம். பதிவு இல்லாவிட்டால் அந்தப் பெண் தன் வாயால் சொல்ல வேண்டும், எந்தெந்த நாள் என்னென்ன சொன்னான் என்று ஒழுங்காகச் சொல்ல வேண்டும், தடுமாறினால் மனநிலை சரியில்லாதவள் என்று அவன் சொல்வதற்கு அதுவே சாட்சியாகிவிடும் என்றா. நீதிமன்றத் தவணைக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது.

அந்தப் பெண்ணிடம் தான் சொல்வதாக என் சக ஊழியை சொன்னாள். நான் விடவில்லை. இவ்வளவு நாளும் வாயை மூடிக்கொண்டிருந்தவள் நான்தானே.

அவள் தையல் வகுப்புக்கு வருகிறவள் போலத் துணிப் பையோடு வந்தாள். மகளைத் தாயோடு விட்டுவிட்டு வந்திருந்தாள். தையல் மெஷினுக்கு முன்னால் இருந்த கதிரையில் இருந்துகொண்டாள். நான் ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். முப்பது போட்டதையும் சொன்னேன், நெல்லியடிக்குப் போயும் வெட்கத்தில் கேட்காமல் வந்ததையும் சொன்னேன்.

"அப்ப ஒண்டும் இல்லையோ அக்கா?"

"இருக்கு. பதினொண்டும் அப்பிடியே இருக்கு. திறக்க ஏலாது."

"அவராலையும் ஏலாதோ?" கணவனைத்தான் கேட்டாள்.

"ஒருத்தராலையும் ஏலாது."

கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். அவள் மெஷினின் சக்கரத்தை மெல்ல உருட்டிக்கொண்டிருந்தாள்.

"நான் அதுகளை ஒருக்காலும் திருப்பிக் கேக்கேல்லை" என்றாள். "உங்களிட்டைக் கிடக்குதுதானே எண்டு, அவர் சொன்னதுகளை ஒவ்வொண்டா மறந்துகொண்டு வந்தனான். இப்ப கொஞ்ச நாளாத்தான் நித்திரை வருது."

தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். குடித்துவிட்டு, சட்டத்தரணி என்ன சொன்னா என்று கேட்டாள். சொன்னேன்.

"அப்ப நான் எல்லாத்தையும் திருப்பி நினைக்கோணும்."

"ஓம்."

"எந்த நாள் எண்டெல்லாம் எனக்கு ஞாபகம் இல்லையே."

அது ஒன்றுதான் என்னிடம் இருந்தது. நிர்வாகப் பக்கத்தைத் திறந்தேன். பதினொரு கோப்புகளும் வரிசையாக நின்றன, திகதி, நேரம், அளவு எல்லாவற்றோடும். முதலாவது கோப்பின் திகதியைச் சொன்னேன். வெள்ளிக்கிழமை, பின்னேரம் நாலரை மணி என்றேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு, மகளுக்கு அன்று காய்ச்சல் என்று தொடங்கினாள். நான் எழுதினேன்.

ஒவ்வொன்றுக்கும் நான் திகதியைச் சொன்னேன், அவள் கண்ணை மூடினாள். அவனுடைய சொற்களை அவனுடைய குரலிலேயே சொன்னாள். அப்படிச் சொல்வது தனக்கே தெரியவில்லை போலிருந்தது. நான்காவதில் மெஷினின் சக்கரத்தை இறுகப் பிடித்துக்கொண்டாள். நிறுத்துவோமா என்று கேட்டேன், வேண்டாம் என்றாள். இரண்டு வருடமாக அளவையும் திகதியையும் மட்டும் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, அவற்றுக்குள் என்ன இருந்தது என்று அன்றுதான் தெரிந்தது. ஏழாவதில் நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். அவள் நான் அதைத் திரும்ப எடுக்குமட்டும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அதே வசனத்தை மறுபடி சொன்னாள்.

வழக்கு இன்னும் முடியவில்லை. முதல் தவணையில் அவள் தடுமாறாமல் சொன்னாள், பிள்ளை இப்போதைக்குத் தாயோடுதான். நித்திரைதான் திரும்பிப் போய்விட்டது என்று பிறகொருநாள் சொன்னாள்.

ஆனால் அதெல்லாம் பிறகு. அன்று பதினொன்றும் முடியப் பின்னேரமாகிவிட்டது. தாள்களை ஒழுங்குபடுத்தி அவளிடம் காட்டினேன். ஒவ்வொன்றாக வாசித்தாள், இரண்டு இடத்தில் திருத்தினாள். பிறகு முகத்தை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள்.

"இதுகளை எங்கை வைக்கப் போறியள் அக்கா?"

அந்தக் கேள்வியில் குத்தல் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். இரும்பு அலுமாரியைப் பார்த்தேன், கொம்பியூட்டரைப் பார்த்தேன். அவள் கையை நீட்டினாள். நான் தாள்களைக் கொடுத்துவிட்டேன்.